பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

நங்கையா வந்து இறங்கியாயிற்று. கூடவே ஒரு மூட்டை பீட்ரூட். தாளவாடி மலையிலிருந்து கோபி வரைக்கும் பஸ்ஸில், கண்டக்டரோடு மல்லுக்கட்டி, காலடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டோக்காரர் மூட்டையை வாசலில் இறக்கினார்.

என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் மயிலாத்தாள். புருஷனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வாயளவில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஐந்து மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதோடு ரத்தமும் குறைவு, ஏழு பாயிண்ட்தான். அதைப் போனில் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதற்கு வாரம் தவறாமல் ஊசி போடுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் யார் பரிதாபப்படுவார்கள்?

"ஏம்மணி, ஒடம்புல ரத்தமில்லாத மனுசனுக்கு வெறுஞ்சோறும் சொரக்காயும் போட்டு உக்கார வெச்சிருக்கறயே, உனக்கே நல்லாருக்குதா? பீட்ரூட்டு திங்கட்டும். பத்தே நாள்ல மொகம் எப்படி ஆகுதுன்னு பாரு."

"அவருக்கு அது ஆகாதுங்க நங்கையா. பொட்டாசியம் ஏறீரும்."

"பொட்டாசா? எங்க காட்டுக்கு நாங்க பொட்டாசு உரமே போடறதில்ல. சுத்தமான சாணி எரு. தைரியமாத் திங்கலாம்."

மூட்டையை இழுத்து அடுப்படி மூலையில் போட்டேன். இவர் கூடத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "எங்கக்கா வந்தாத்தான் இந்த ஊட்டுல வெளிச்சமே" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். இவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெனாசிரைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், பவானிக்காரி, நம்மைத் திட்டாமல் பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில். பீட்ரூட் மூட்டையைப் பற்றிச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஆன்ட்டி. ரொம்ப ஆசப்பட்டா வாரத்துக்கு ஒருக்கா, ரெண்டு ஸ்பூன். தோலச் சீவி, மெல்லிசா நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு மணி நேரம் ஊற வெச்சு அத ஊத்தீருங்க. நெறையத் தண்ணி வெச்சு வேக வெச்சு வடிங்க. மறுக்கா புதுத் தண்ணி வெச்சு வேக வெச்சு வடிங்க. அந்தத் தண்ணிலதான் எல்லாம் எறங்கியிருக்கும். ஒரு வாய்கூட அவருக்குப் போகக்கூடாது. பொட்டாசியம் ஏழத் தாண்டுச்சுன்னா நெஞ்சே நின்னுரும்."

நங்கையா அப்போது வெளியே பெஞ்சில் யாரோ ஒரு அம்மாவிடம் என் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், வடித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம் என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் நெஞ்சு நிற்கிற கதையைச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

மார்ச் 5, புதன்

பொரியல். பெனாசிர் சொன்னபடி அச்சுப்பிசகாமல் செய்தேன். ஊற வைத்து, இரண்டு தடவை வேக வைத்து வடித்த பிறகு அது பீட்ரூட்டா என்று அதைப் பெற்ற செடிக்கே சந்தேகம் வந்துவிடும். வெளுத்துப்போய், நோயாளி உதடு மாதிரி ஒரு நிறம். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய் துளியூண்டு தூவி இறக்கினேன். தாளிப்பு வாசத்தில் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

இவர் ஒரு வாய் வைத்தார். "சக்கை."

நங்கையா நான் தண்ணீரைக் கொட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். "பாத்துட்டுத்தானிருந்தேன் சாமி. செக்கச்செவேல்னு அத்தனை சத்தையும் சாக்கடைல ஊத்தறா. என்ற வயிறு பத்தி எரிஞ்சுது."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பார்வையை நான் பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி

வாரத்துக்கு ஒருதடவை என்பதெல்லாம் போச்சு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் நங்கையா அடுப்படியைப் பிடித்துவிட்டார். தோல் சீவாமல், வாலைக்கூட நறுக்காமல் ஆறு கிழங்கை முழுசாகக் குக்கரில் போட்டிருக்கிறார். அப்படி வேக வைத்தால் நிறம் வெளியே போகாது, சத்தும் அதிலேயே நிற்கும் என்று எனக்குப் பாடம் வேறு. அவர் சொல்வது சரிதான். மற்ற மனுஷர்களுக்கு அப்படித்தான் வேக வைக்க வேண்டும். தோலும் கையிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

குக்கரோடு தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

"திமிரப் பாரு தம்பி உம் பொண்டாட்டிக்கு!"

"அவ எங்க நான் பொழைக்கோணும்னு நெனைக்கறா?" என்றார் இவர்.

நான் காப்பாற்றியது யாரை? கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் டம்ளர் பறந்து வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கிழங்கை என் முறைப்படி வடித்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து, சோம்பு தட்டிப் போட்டு உருண்டை பிடித்துப் பொரித்தேன். மூன்று தின்றார். நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னும் ரெண்டு கேட்டார், இல்லை என்றேன். அதற்கும் திட்டு.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. நல்ல நாள்.

மார்ச் 12, புதன்

பச்சடி. துருவி, வேக வைத்து வடித்து, தயிர் இரண்டு கரண்டி, இஞ்சி, பச்சை மிளகாய். முதல் தண்ணீரைப் போசிப் பாத்திரத்தில் வடித்து வைத்துவிட்டு, வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டாரென்று போனேன். வந்து பார்த்தால் போசி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. நங்கையா வந்ததிலிருந்து ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவியதில்லை.

கூடத்தில் இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டில் சிவப்பு. வெற்றிலை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடுப்படியிலிருந்து கூடத்துக் கதவு வரை போனேன். இவர் ஏதோ மெதுவாகச் சொல்ல, நங்கையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தார்கள். இரண்டரைக் கிலோ கூடுதல். தண்ணீர் அதிகம் குடிக்கிறாரா என்று நர்ஸ் கேட்டார். "இல்லீங்க" என்று இவரே முந்திக்கொண்டார். கூசாமல் பொய்.

இனிமேல் வடித்தவுடன் நானே நின்று கொட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். நேற்றும் இன்றும் கொட்டினேன். கொட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இவருடைய பெரியப்பா மகன் குடும்பத்தோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். ஐந்து பேர். எல்லோருக்கும் இலை போட்டேன். அவர்களுக்குப் பருப்பு, ரசம், உருளைக்கிழங்கு. இவருக்குத் தட்டில் தனியாக வடித்த பீட்ரூட் கூட்டு, பாசிப்பருப்பு பேருக்கு நாலு போட்டு, சீரகம் அரைத்து ஊற்றியது. காலை ஐந்தரையிலிருந்து நிற்கிறேன்.

அத்தனை பேர் முன்னாலும் இவர் தட்டைத் தூக்கி என் காலடியில் வீசினார்.

"எங்கக்கா கையில ஒரு வாரம் தின்னாப் பொழச்சுக்குவேன். உங்கையில தின்னா எனக்குச் சாவுதான். நீ அதுக்குத்தாண்டி பாத்துட்டிருக்கற."

பத்திரிகை வைக்க வந்தவரின் பெண்டாட்டி தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கையா எழுந்து வந்து, தன் இலையிலிருந்த சோற்றைப் பிசைந்து தம்பிக்கு ஊட்டினார். நான் குனிந்து, என் பாதத்தில் ஒட்டியிருந்த கூட்டை வழித்துக்கொண்டிருந்தேன். சூடாகத்தான் இருந்தது. கொப்புளம் இரண்டு.

சாயங்காலம் மறுபடி பீட்ரூட் வேக வைத்தேன். வழக்கத்தைவிட அதிகமாக, ஏழெட்டுக் கிழங்கு. தண்ணீரைக் கொட்டவில்லை. கை வலி. போசியை மேடை ஓரத்தில் வைத்து ஒரு தட்டால் மூடிவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணி எட்டே எட்டுதான். மடித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 17, திங்கள்

வடை. கடலைப்பருப்போடு பீட்ரூட்டைத் துருவிப் போட்டது. தண்ணீர் மேடையில். போசி கழுவிக் கவிழ்த்திருந்தது.

மார்ச் 19, புதன்

பெனாசிர் போன் செய்தாள். நேற்று எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று.

"என்ன ஆன்ட்டி குடுக்கறீங்க?"

"நீ சொன்னபடிதான் கண்ணு. ரெண்டு தடவ வேக வெச்சு, வடிச்சுப்போட்டுத்தான்."

"கொஞ்ச நாளைக்கு அதுவும் வேண்டாம். அடுத்த தடவை இன்னும் ஏறியிருந்தா அட்மிட் பண்ணச் சொல்லீருவாங்க."

வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று சட்னி. வதக்கிய உளுந்து, புளி, காய்ந்த மிளகாய். இட்லிக்கு நன்றாகத்தான் இருந்தது. சிங்க் வேறு அடைத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீரை எங்கே கொட்டுவது?

மார்ச் 20, வியாழன்

நங்கையா கடைத்தெருவுக்குப் போனவர் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு காரியம் நடந்ததில்லை. அதோடு பக்கத்தில் உட்கார்ந்து பீட்ரூட் தோல் சீவிக் கொடுத்தார். என் காலைப் பார்த்து, "மருந்து போட்டயா அம்மணி?" என்றார்.

என்ன திருட்டுத்தனமோ. பூவை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 22, சனி

ரசம். வடித்த துண்டுகளை மசித்து, மிளகு, சீரகம், பூண்டு. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"காலு ரெண்டும் கல்லாட்டக் கனக்குது அக்கா. கை மரமரங்குது."

"ரத்தம் ஊறறப்ப அப்படித்தான் சாமி இருக்கும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். இன்றோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மூட்டையில் இன்னும் கால்வாசி இருக்கிறது, அழுகிவிடும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மூன்று நாள். இந்த இடைவெளியில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பெனாசிர் முன்பே சொல்லியிருக்கிறாள். ஏன் இதை எழுதுகிறேன்?

மார்ச் 23, ஞாயிறு

வேக வைத்தேன். தண்ணீரை மேடையில் வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

காலை பத்தரை மணிக்கு முகம் கழுவப் போனவர் வாஷ்பேசின் அருகே சரிந்துவிட்டார். கால் மடங்கிக் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. கண் திறந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. நங்கையா ஓடிவந்து மடியில் தலையை வைத்துக்கொண்டு, "மயக்கம்டா சாமி, ரத்தமில்லாத மயக்கம்" என்று கத்தினார். என்னைப் பார்த்து, "அந்தப் போசில இருக்கறத எடுத்துட்டு வா அம்மணி, சீக்கிரம்!" என்றார்.

அடுப்படிக்கு ஓடினேன். போசியில் நேற்று வடித்தது அரைக்கு மேல் இருந்தது. கையில் எடுத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. அப்புறம் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வீசிக் கொட்டிவிட்டு, போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தேன். டயாலிசிஸ் நோயாளி, பொட்டாசியம் ஏறியிருக்கிறது, உடனே வாருங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். ஊசிமேல் ஊசி போட்டு, உடனே டயாலிசிஸில் ஏற்றி, நாலு மணி நேரம். நான் வெளியே நின்றேன். சாமி கும்பிடத் தோன்றவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கும்பிட?

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்து கேட்டார், யார் என்ன கொடுத்தது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா முன்னால் போய் நின்றார்.

"நாந்தானுங்க சாமி. பீட்ரூட்டு வேக வெச்ச தண்ணி. ஒரு வாரமாத் தெனமும் ரெண்டு டம்ளரு. ரத்தம் ஊறும்னு நெனச்சுப்போட்டேனுங்க."

டாக்டர் வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அறுபத்தாறு வயது மனுஷி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 26, புதன்

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். இவர் படுக்கையிலிருந்தே, "என்னக் கொல்லத்தான் மலையெறங்கி வந்தயா? எம் மூஞ்சில முழிக்காத, போ" என்று அக்காவை விரட்டினார். ரத்தம், பாசம் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பெங்களூரிலிருந்து மகள் போனில் கேட்டபோது, "உங்கம்மா இல்லீன்னா நான் இன்னிக்கு இல்ல" என்றார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நங்கையா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் கேட் வரைக்கும் போனேன், ஆட்டோ வருவதற்காக. அங்கே வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டருகிட்ட உம் பேர நான் எடுக்கல அம்மணி. பயப்படாத."

எனக்குப் புரியவில்லை.

"நான் எடுத்துக்கோணும்னு நீதான தெனமும் மூடி வெச்சிட்டுப் போன? கொட்டிட்டிருந்தவ திடீர்னு கொட்டாம வெச்சப்பவே தெரிஞ்சுது, உனக்கும் மனசு எறங்கீருச்சுன்னு. வாய் விட்டுச் சொல்லறதுக்கு உனக்கு ரோசம். நானும் கேக்கல. தம்பி பொழைக்கோணும்னு ரெண்டு பேரும் சேந்து பண்ணுனோம். வெவரமில்லாமப் பண்ணிப்போட்டோம். திட்டு என்னோட போகட்டும்."

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தபின் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். "உன்ன நான் தப்பாவே நெனச்சுப்போட்டேன் இத்தன வருசமா."

அவர் போனபிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரி, என்ன உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

மார்ச் 27, வியாழன்

சுரைக்காய்க் கூட்டு. நல்லாயிருக்கு என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மிச்சமிருந்த பீட்ரூட்டையெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாயிற்று.

மார்ச் 28, வெள்ளி

டயாலிசிஸ். நாலு புள்ளி ஒன்பது. பெனாசிர் மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "இந்த ஆன்ட்டியப் பாத்துக் கத்துக்கங்க" என்றாள். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நங்கையா கொடுத்தார் என்றால் தெரியாமல் கொடுத்தார். பன்னிரண்டாம் தேதி துண்டைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். பதினாறாம் தேதியிலிருந்து வைத்தது நான். கை வலி இல்லை. சிங்க் அடைக்கவில்லை.

மார்ச் 29, சனி

காலை பதினொன்றரைக்கு நங்கையாவுக்குப் போன் போட்டேன். குசலம் விசாரிக்க ஆரம்பித்தார், நிறுத்தச் சொன்னேன்.

"நங்கையா, நான் மனசு எறங்கி வெக்கலீங்க. அத ஒரு வாய் குடிச்சாலும் ஆகாதுன்னு, நெஞ்சு நின்னுரும்னு, எனக்கு நாலாந்தேதியே அந்தப் புள்ள சொல்லிப்போட்டா. உங்ககிட்ட நான் சொல்லல. நீங்க குடுக்கறீங்கன்னு தெரிஞ்சேதான் வெச்சேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார், ஊரைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"இத அவங்கிட்டச் சொல்லீராத," என்றார். குரலில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. "என்னைய அவன் உள்ள உட மாட்டான். மவ பெங்களூருல. அவனுக்குச் சோறாக்கிப் போட உன்ன உட்டா ஆருமில்ல. தெரிஞ்சுதுன்னா உங்கையால ஒரு வாய் எறங்காது, பட்டினியாக் கெடந்தே செத்துப்போவான். வாய மூடிட்டு ஆக்கிப் போடு."

"நங்கையா..."

"அப்படிக் கூப்புடாத."

போனை வைத்துவிட்டார்.

கூடத்திலிருந்து இவர் கூப்பிட்டார், சாப்பாடு ஆயிற்றா என்று. மணி பன்னிரண்டு. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டேன்.